சொல்லக் கூசிய நோய்க்கு மனை அமைத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

தலைநகரின் கோல் மார்க்கெட்டை அறியாத தமிழர் இருக்க முடியாது. 1921ஆம் ஆண்டில், புதுடெல்லி எழுந்துகொண்டிருந்த நாளில் கட்டப்பட்ட பன்னிரண்டு முகக் கட்டடம் அது. அதைச் சுற்றி அமைந்த சர்க்கார் குவார்ட்டர்ஸ்களில்தான் மதராஸ் ராஜதானியிலிருந்து உத்தியோகம் தேடி வந்த குமாஸ்தாக்களும், டைப்பிஸ்டுகளும், கணக்கர்களும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளிக்கூடம். நடந்து போகும் தொலைவில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி. கூப்பிடு தூரத்தில் நம் ஊர்க் காய்கறியும் காப்பித் தூளும் கிடைக்கும் கடை. ஒரு வீட்டில் பிள்ளைக்கு ஜுரம் என்றால் பத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். ரசம் ஒரு வீட்டிலிருந்தும், கஞ்சி ஒரு வீட்டிலிருந்தும் வரும்.

ஆனால் ஒரு நோய்க்கு மட்டும் இந்த வழக்கம் பொருந்துவதில்லை. புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால் வீட்டின் வாசற்கதவு சாத்திக்கொள்ளும். கேட்பவர்களுக்கு அல்சர் என்றோ, கட்டி என்றோ, கர்ப்பப்பைக் கோளாறு என்றோ பதில் கிடைக்கும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடு என்றால் மௌனம் இன்னும் கனக்கும். லீவு விண்ணப்பத்தில்கூட உண்மைக் காரணத்தை எழுதக் கை கூசும். தண்ணீர் டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கும் வீடுகள் உண்டு. நோயாளிக்குத் தம் நோய் இன்னதென்று சொல்லாமலே மதராஸுக்கு ரயிலேற்றி அனுப்பிய குடும்பங்களும் உண்டு. அதுவரை அப்பாவாக, அக்காவாக, ஹெட்கிளார்க்காக இருந்தவர் அன்றிலிருந்து ஒரு கேஸ் ஆகிவிடுகிறார்.

இந்தக் கூச்சத்தைத் தன் வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவருக்கு அது புதிய போராட்டம் அல்ல. நோய்க்குக் களங்கம் கற்பிப்பதை எதிர்ப்பதற்கு முன்னால், பிறப்புக்குக் களங்கம் கற்பிப்பதை அவர் தன் சொந்த வாழ்விலேயே எதிர்த்து நின்றவர்.

புதுக்கோட்டைச் சிறுமி

1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அவர் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் தலைமை ஆசிரியர் பதவி வகித்த கல்விமான். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் பிறந்தவர். இந்த உறவினால் ஐயரை அவருடைய சொந்தக் குடும்பத்தார் ஒதுக்கி வைத்தார்கள். ஊரில் மதிப்புள்ள மனிதரின் மகளாக இருந்தும், யாருடைய மகள் என்ற கேள்வி எழும்போதெல்லாம் அந்தச் சிறுமிக்குத் தலைநிமிர்ந்து பதில் சொல்ல முடியாத நிலை. படிப்பு, புத்தி, குணம் எதையும் பாராமல் பிறப்பை மட்டும் பார்த்து எடைபோடும் உலகத்தை அவர் சிறு வயதிலேயே அறிந்துகொண்டார்.

பெண் குழந்தைகள் பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட காலம் அது. தந்தை அவரை வீட்டில் வைத்தே படிக்க வைத்தார். 1902இல் மெட்ரிகுலேஷனில் தேறினார். அடுத்து மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது ஊரில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. ஆண் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா என்பது ஒரு ஆட்சேபம். அவருடைய பிறப்பைச் சுட்டியது மற்றொன்று. ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆட்சேபங்களை ஒதுக்கிவிட்டு அனுமதி அளித்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போய், வகுப்பில் மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் பாடம் கேட்க வேண்டியிருந்தது.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் தங்கப் பதக்கங்களோடும் பரிசுகளோடும் பட்டம் பெற்று வெளியே வந்தார். டெல்லியில் லேடி ஹார்டிஞ்ச் கல்லூரி பெண்களுக்கென்று திறக்கப்பட்டது 1916இல்தான். நாட்டின் தலைநகரில் பெண்களுக்கு ஒரு மருத்துவக் கல்லூரி வருவதற்கு நான்கு வருஷங்களுக்கு முன்பே புதுக்கோட்டைப் பெண் ஒருவர் டாக்டராகிவிட்டார் என்பது கோல் மார்க்கெட் வாசிகள் நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம். பட்டம் பெற்றபின் எழும்பூர் அரசாங்க மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றினார்.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சமமான மதிப்புத் தர வேண்டும், தன் விருப்பங்களுக்குத் தடை சொல்லக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் அவர் கல்யாணத்துக்கே சம்மதித்தார். கணவர் கடைசிவரை அந்த வாக்கைக் காப்பாற்றினார். இரண்டு மகன்கள் பிறந்தார்கள்; அவர்களில் இளையவர்தான் பின்னாளில் புற்றுநோய் மருத்துவத்தில் பெயர்பெற்ற டாக்டர் கிருஷ்ணமூர்த்தி.

தங்கையின் மரணம்

1923இல் அம்மையாரின் வாழ்வைத் திருப்பிய சம்பவம் நடந்தது. அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். வீட்டிலேயே இரண்டு டாக்டர்கள். நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள். இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆறுதல் சொல்வதைத் தவிர வைத்தியத்திடம் அதிகம் இல்லை என்பதை ஒரு டாக்டர் தன் சொந்தத் தங்கையின் படுக்கை அருகில் நின்று உணர நேர்ந்தது.

1925இல் அரசாங்க உதவியுடன் மேல்படிப்புக்காக லண்டன் சென்றார். பெண்களுக்கான செல்ஸி மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். அப்போது அங்கிருந்த ராயல் கான்சர் மருத்துவமனையையும் பார்த்தார். அந்த மருத்துவமனைக்கு ஒரு கதை உண்டு. வில்லியம் மார்ஸ்டன் என்ற ஆங்கிலேய டாக்டரின் மனைவி 1846இல் புற்றுநோயால் இறந்தார். தான் ஒரு வைத்தியனாக இருந்தும் மனைவியைக் காப்பாற்ற முடியவில்லையே என்று மனம் நொந்த மார்ஸ்டன் 1851இல் புற்றுநோயாளிகளுக்கென்றே ஓர் இலவச மருத்துவமனையை ஏற்படுத்தினார். மற்ற ஆஸ்பத்திரிகள் தீராத நோயாளிகள் என்று ஒதுக்கியவர்களுக்கு அங்கே படுக்கை கிடைத்தது. மனைவியை இழந்த ஒரு டாக்டர் கட்டிய இடத்தில், தங்கையை இழந்த ஒரு டாக்டர் நின்றார். அங்கே நோயாளிகள் மறைத்து வைக்கப்படவில்லை. முறையாகச் சிகிச்சை பெற்றார்கள். இப்படி ஓர் இடம் சென்னையிலும் வேண்டும் என்ற எண்ணம் அன்று அவருக்குள் விழுந்தது. அது முளைத்து மரமாவதற்குச் சுமார் முப்பது வருஷங்கள் ஆயின.

சட்டசபையில்

தாயகம் திரும்பியதும் 1926இன் இறுதியில் சென்னை சட்டசபைக்கு அவர் நியமிக்கப்பட்டார். 1927இல் ஏகமனதாக உபதலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் ஒரு சட்டசபையின் உபதலைவராக அமர்ந்த முதல் பெண்மணி அவரே. அந்தப் பதவியைக் கௌரவத்துக்காக வைத்துக்கொள்ளாமல் வேலைக்குப் பயன்படுத்தினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ வசதி, பெண்களின் கல்யாண வயதை உயர்த்துதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டார்.

சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை 1927இல் கொண்டுவந்தார். 1929இல் வந்த சட்டத் திருத்தம், கோயில் ஊழியத்துக்காகக் கொடுக்கப்பட்ட மானிய நிலங்களை அந்த ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுவித்துப் பெண்களுக்கே உரிமையாக்கியது. வழக்கத்தையே தடுக்கும் மசோதாவை 1930இல் கொண்டுவந்தார். அதே வருஷம் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். தடைச் சட்டம் முழுமையாக நிறைவேறியது 1947இல்.

இந்தப் போராட்டத்தில் அவருக்கு எதிராக வைதிகர்கள் மட்டும் நிற்கவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற அந்தச் சமூகத்துக் கலைஞர்களும் ஆட்சேபித்தார்கள். இசையும் நாட்டியமும் கற்று, சொத்துரிமையோடு வாழ்ந்த தங்கள் இனத்தையே ஒட்டுமொத்தமாக இழிவானது என்று முத்திரை குத்துவதா என்பது அவர்கள் மனக்குறை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு கொடுமையை ஒழிக்கப் போகும்போது, அதில் அகப்பட்டவர்கள் மேலேயே கறை படிந்துவிடும் அபாயம் எப்போதும் உண்டு. சிறு பெண்களின் வாழ்வை அவர்கள் அறியாத வயதிலேயே பிறர் நிர்ணயித்துவிடக் கூடாது என்பதில் அம்மையார் உறுதியாக நின்றார். வழக்கத்தை ஒழித்தால் மட்டும் போதாது, அங்கிருந்து வெளியே வரும் பெண்ணுக்கு நிற்க ஓர் இடமும் வேண்டும் என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார்.

அப்படி வெளியே வந்த பெண்கள் அவருடைய வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நகரத்து விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. மற்றப் பெண்கள் கெட்டுவிடுவார்களாம். அம்மையார் தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். 1930, 31ஆம் வருஷங்களில் இவ்விதம் உருவானதுதான் அவ்வை இல்லம். பின்னர் அது அடையாறில் சொந்த இடத்தில் அமைந்து, ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் படிப்பும் தொழிலும் கற்றுத்தந்தது. அங்கே சேர்ந்த பெண்ணின் பிறப்பை யாரும் விசாரிப்பதில்லை.

பணம் வீண் என்றார்கள்

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவின்போது, சென்னைக்கு ஒரு புற்றுநோய் மருத்துவமனை தேவை என்ற கோரிக்கையை அவர் வெளிப்படையாக எழுப்பினார். ஆதரவு கிட்டவில்லை. புற்றுநோய் வந்தவர் எப்படியும் சாகத்தானே போகிறார், அதற்கு ஏன் தனி ஆஸ்பத்திரி என்ற எண்ணம் படித்தவர்களிடமும் பதவியில் இருந்தவர்களிடமும் வேரூன்றியிருந்தது. மலேரியாவும் காசநோயும் லட்சக்கணக்கில் உயிர் குடித்த காலத்தில் அந்த வாதம் சர்க்காரின் காதுக்கு இனிமையாகவே இருந்திருக்கும்.

அந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்ததை அம்மையார் டாக்டராகப் பார்த்தார். சாவார்கள் என்று நினைத்ததால் ஆஸ்பத்திரி கட்டவில்லை. ஆஸ்பத்திரி இல்லாததால் நோயாளிகள் கடைசிக் கட்டத்தில்தான் வந்தார்கள். கடைசிக் கட்டத்தில் வந்ததால் இறந்தார்கள். இந்தச் சக்கரத்தைச் சுற்ற வைத்ததில் பணத்தட்டுப்பாட்டுக்குப் பங்கு உண்டு என்றால், வெட்கத்துக்கும் அதே அளவு பங்கு உண்டு. அந்நாளில் சென்னைப் பெண்களிடையே அதிகம் காணப்பட்டது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டக் கூச்சம், வீட்டு ஆண்களிடம் சொல்லக் கூச்சம், மாமியார் என்ன நினைப்பாளோ என்ற பயம். இரத்தப்போக்கை மாதக்கணக்கில் மறைத்துவிட்டு, வலி பொறுக்க முடியாத நாளில் வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர்.

1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அறுபது வயதைக் கடந்த அம்மையார் பெரிய மனிதர்களின் படியேறி நன்கொடை கேட்டார். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி பிரதமர் ஜவஹர்லால் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை ஆரம்பமாயிற்று. சர்க்கார் ஊழியர்களுக்கான ஆரோக்கியத் திட்டம் டெல்லியில் தொடங்கிய வருஷமும் அதுதான். லண்டனில் அம்மையார் பார்த்த அந்த மருத்துவமனைக்கு அதை நிறுவிய மார்ஸ்டனின் பெயர் சூட்டப்பட்டதும் அதே வருஷத்தில்தான்.

அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பிய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். 1955இல் டாக்டர் வி. சாந்தா என்ற இளம் பெண் டாக்டர் வந்து சேர்ந்தார். பெண்கள் மருத்துவமனையில் கிடைத்த நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு இந்தச் சின்ன இடத்துக்கு அவர் வந்தது அன்று பலருக்கு ஆச்சரியமாக இருந்தது. 2021இல் மறையும்வரை அவர் அந்த மருத்துவமனையை விட்டு அகலவில்லை. 1950களின் பிற்பகுதியிலேயே கனடா நாட்டு உதவியால் கோபால்ட் கதிர் இயந்திரம் அங்கே வந்தது. கத்தியால் எட்ட முடியாத இடத்தில் இருக்கும் கட்டிகளையும் கதிர்வீச்சால் சுடும் சிகிச்சை சாமானியர்களுக்கும் கிடைக்கத் தொடங்கியது.

1956இல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி, எண்பத்திரண்டு வயது நிறைவதற்கு எட்டு நாட்கள் இருக்கையில், அவர் காலமானார்.

பெயரை மறைக்காத காலம்

அவர் மறைந்து ஏழு மாதங்கள் ஆகும் முன்பே தமிழ்நாடு முழுவதும் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டுத் திடுக்கிட்டது. முதலமைச்சர் அண்ணாதுரை உணவுக்குழாய்ப் புற்றுநோயால் தாக்கப்பட்டு, நியூயார்க்கில் சிகிச்சை பெற்றுத் திரும்பி, 1969ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி அடையாறில் அம்மையார் ஏற்படுத்திய அதே மருத்துவமனையில் உயிர் நீத்தார். ஊருக்கே தலைவரானவரையும் இந்த நோய் விடவில்லை என்பதைப் பாமர மக்களும் கண்டார்கள். இது பாவத்தின் சம்பளம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாய் அன்று அடைத்திருக்க வேண்டும்.

இந்தக் கூச்சம் நம் நாட்டுக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவிலும் ஐம்பதுகளில் மார்பகப் புற்றுநோய் என்ற சொல் நாலு பேர் நடுவே உச்சரிக்கப்படவில்லை. அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட டெரீஸ் லாஸர் என்ற பெண்மணி 1952இல் நியூயார்க்கில் அதே சிகிச்சை பெற்ற மற்றப் பெண்களைப் படுக்கையருகே போய்ப் பார்த்துத் தைரியம் சொல்லத் தொடங்கினார். 1974இல் ஜனாதிபதி ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு தமக்கு வந்த நோயை மறைக்காமல் அறிவித்தார். அதன்பின் அங்கே ஏராளமான பெண்கள் பரிசோதனைக்கு முன்வந்தார்கள். ஒருவர் வாய் திறந்தால் பத்துப் பேர் உயிர் பிழைக்க வழி பிறக்கிறது.

புற்றுநோய் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. நோயாளியின் டம்ளரில் தண்ணீர் குடிப்பதால் வராது. அவர் துணியைத் துவைப்பதால் வராது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் கிருமி உண்டு. ஆனால் அது பரவும் வழி வேறு, அதைத் தடுக்க ஊசியும் வந்துவிட்டது. புற்றுநோய்களில் பரம்பரையாக வருபவை ஒரு சிறு பகுதியே. ஆகவே அம்மாவுக்கு வந்தது என்பதற்காகப் பெண்ணைக் கல்யாணச் சந்தையில் தள்ளி வைப்பதற்கு நியாயம் இல்லை. பீடி, சிகரெட், ஜர்தா, குட்கா ஆகியவற்றால் வாயிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் வருவதைத் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது. ஆறாத வாய்ப்புண், மார்பில் வலியில்லாத கட்டி, மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, மலத்தில் இரத்தம் இவற்றில் எது கண்டாலும் வெட்கப்படாமல் காட்டிவிட்டால், ஆரம்ப நிலையில் பல புற்றுநோய்களைக் குணப்படுத்திவிட முடிகிறது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில்கூட முறையான சிகிச்சை பெறுகிறவர்களில் பெரும்பாலோர் பிழைத்து, படித்து, வேலைக்குப் போகிறார்கள். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. அந்தச் சலுகையைப் பெறுவதற்கும் நோயின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அம்மையாரின் பிறந்த நாளான ஜூலை 30ஐ மருத்துவமனை தினமாகத் தமிழ்நாடு அரசு கொண்டாடுகிறது. ஏழைத் தாய்மார்களுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரால் நடக்கிறது. பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு மருத்துவமனை நாடெங்கிலுமிருந்து வரும் நோயாளிகளை ஏற்கிறது. அவர்களில் பெரும்பகுதியினர் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெறுகிறார்கள். டெல்லியிலிருந்து ரயிலேறிப் போகிறவர்களும் அவர்களில் உண்டு.

கோல் மார்க்கெட்டின் பழைய வட்டக் கட்டடத்தைச் சாதனை புரிந்த இந்தியப் பெண்களுக்கான அருங்காட்சியகமாக மாற்றும் திட்டத்தைப் புதுடெல்லி நகராட்சி மேற்கொண்டிருக்கிறது. அங்கே முத்துலட்சுமி அம்மையாருக்கும் ஓர் இடம் கிடைக்குமானால் தலைநகர்த் தமிழர்கள் பெருமைப்படலாம். அதைவிடப் பெரிய மரியாதை ஒன்றை இன்றே செய்ய முடியும். அண்டை வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்று தெரியவந்தால், பிள்ளைக்கு ஜுரம் என்றால் எப்படிப் போவோமோ அப்படியே ஒரு பாத்திரம் ரசத்தோடு போய்க் கதவைத் தட்டி, எப்போதும் கூப்பிடும் முறை சொல்லியே அவரைக் கூப்பிட வேண்டும். அக்கா அக்காவாகவே இருக்கட்டும். அண்ணா அண்ணாவாகவே இருக்கட்டும். பிறப்பாலும் நோயாலும் ஒதுக்கப்பட்டவர்களுக்கு அம்மையார் தம் வாழ்நாள் முழுவதும் திறந்து வைத்தது அந்தக் கதவைத்தான்.